பதினோராவது ஆள்

"பத்துப் பேருட பேரும் அனுப்பின நேரத்தோட இரிக்கி. கதையைத் தொடக்கின பதினோராவது ஆள் எங்க புள்ள?"

வகுப்பில் எல்லார் முன்னாலும், றிஸ்மினா எழுதிக் கொடுத்த ஒப்படையை மேசையில் போட்டார் இஸ்ஸதீன் சேர். பல்கலைக்கழக வளாகத்தில் தகவல்களைச் சரிபார்க்கும் பாடம் அவருடையது. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி ஒன்றை எடுத்து, ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போய், முதலில் அனுப்பியவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். றிஸ்மினா எடுத்தது, கற்பிட்டிக் கருவாட்டில் பிணத்துக்குப் போடும் மருந்தைக் கலக்கிறார்கள் என்ற கதை.

"பேர் சொல்ல ஏலா சேர்."

"ஏலாதா, அப்படி ஒரு ஆளே இல்லையா?"

"இரிக்காரு சேர். பேர மட்டும் கேக்காதீங்க." சேருக்குச் சந்தேகம் வலுத்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதியைத் தேடுவார்கள், மீதியைக் கட்டிவிடுவார்கள்.

அவருடைய போன் கிணுகிணுத்தது. இஞ்சிச் சாறு சீனி வருத்தத்தை அடியோடு போக்குமாம். வந்த செய்தியை அப்படியே கூட்டாளிமார் நாலு பேருக்குத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வாப்பாட கருவாட்டு யாவாரத்தக் காப்பாத்த நீங்களே கட்டின ஆளோ?"

"இல்ல சேர். ரெண்டு மாசமா வாப்பாட கருவாட்ட ஒருத்தரும் வாங்கல்ல. மருந்து இல்லண்டு சோதிச்ச கடிதமும் வச்சிரிக்கேன்."

"பிறகு ஏன் அந்த ஆள மறைக்கிறீங்க?"

"அவர் வேணுமெண்டு செய்யல்ல. தெரிஞ்சா அவர்ர மரியாதை போயிரும்."

"உங்கட சோத்துல மண்ணப் போட்டவனுக்கு மரியாதையா? பேர் இல்லாட்டிப் பூச்சியம்தான். பட்டம் ஒரு வருசம் பிந்தும்."

அவளுக்குக் கண் கலங்கியது. "பூச்சியமே போடுங்க சேர்."

கள்ளம் இல்லாவிட்டால் இவ்வளவு பிடிவாதம் எதற்கு? சேர் பட்டியலை மறுபடி பார்த்தார். கடைசியாக இருந்த பத்தாவது பெயர், கற்பிட்டிக் கடைக்கார லாபிர். அவருடைய பழைய கூட்டாளி.

"லாபிர்ட்டயே கேட்டுருவோம்." எண்ணை அழுத்தினார்.

"ஸ்பீக்கர்ல போடாதீங்க சேர். எல்லாரும் இரிக்காங்க."

பயந்துவிட்டாள் என்று நினைத்தார். வகுப்பு முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலேயே போட்டார்.

"லாபிர், அந்தக் கருவாட்டுக் கதைய உனக்கு ஆர் அனுப்பின?"

மறுபக்கம் சிரிப்புக் கேட்டது.

"நீதானே மச்சான் அனுப்பின. 'நானே விசாரிச்சேன், உண்மை' எண்டு அடியில எழுதியும் இரிந்திச்சே. இதையே விசாரிச்சு வந்த புள்ளைக்கும் அதைக் காட்டினேன். அது அழுதுக்கிட்டே, 'எங்கட சேருக்குச் சொல்லிராதீங்க லாபிர் நானா' எண்டு கெஞ்சிட்டுப் போச்சு."