பச்சை கேட் விடுதி

அவள் எழுதும் பதினெட்டாம் அத்தியாயம் முதல் வரியிலேயே நின்றிருந்தது.

‘தாரிணி பூட்டைத் திறந்தாள்.’

அதற்கு மேல் ஓடவில்லை. குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. கைபேசியில் செய்தி வந்து விழுந்தது.

‘அக்கா, பச்சை கேட் எங்க இருக்கு? ஒரு மணி நேரமா தேடுறேன். பாப்பா அழுவுறா.’

கீழே ஒரு போன் நம்பர்.

அனுப்பியவள் இந்துஜா. முகம் தெரியாது. நான்கு மாதமாக ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் ஆளாக வந்து கருத்து எழுதுகிறவள்.

இவள் அடுப்பை அணைத்தாள்.

தாரிணி அவள் படைத்த பெண் இல்லை. டிவி தொடரில் வருகிறவள். ஹாலில் மாமியார் பகல் மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே தொடரைத்தான். அதில் புருஷன் கை நீட்டினால் தாரிணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போவாள். எழுநூறு எபிசோடாக அப்படித்தான் போகிறாள்.

இவள் கதையில் தாரிணி வாசல் பக்கம் போனாள்.

மாற்றியது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

கதை எழுதும் செயலியில் அதற்கு ஃபேன்ஃபிக் என்று பேர். முன்பு ஒரு பக்கம், இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். நீளமாக எழுதத் துணிந்தது இதுதான் முதல் தடவை. நடுவில் நின்றுபோகும் என்று பயந்தாள். நிற்கவில்லை. ஆதார் அட்டையை எத்தனை நாள் முன்னால் அரிசி டப்பாவுக்குள் ஒளிப்பது, எந்தப் பையில் குழந்தையின் துணி, எந்த பஸ்ஸில் தெரிந்தவர்கள் ஏறமாட்டார்கள், எதற்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்காக மனதுக்குள் போட்டு வைத்திருந்ததுதான்.

‘அனுபவிச்சவங்களாலதான் இப்படி எழுத முடியும்’ என்று இந்துஜா ஒரு தடவை எழுதியிருந்தாள்.

இவள் மறுக்கவில்லை. அந்த வரியைப் பல தடவை படித்தாள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் தாரிணி திருச்சியில் இறங்கினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. பச்சை கேட் போட்ட பெண்கள் விடுதி. ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை நீட்டும் வார்டன்.

இவள் கொல்லைப் பக்கம் போய் இந்துஜாவின் நம்பருக்கு அடித்தாள்.

“அக்கா! நீங்களே பேசுவீங்கன்னு நெனைக்கல. பெரம்பலூர்லேர்ந்து காலையிலயே வந்துட்டேன். நீங்க சொன்ன தெருவுல ஜெராக்ஸ் கடைதான் இருக்கு.”

“இந்து… அப்படி ஒரு விடுதி இல்லம்மா.”

“மூடிட்டாங்களா?”

“இல்ல. நானா எழுதுனது.”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன். குழந்தை தண்ணீர் கேட்டது.

“அப்ப நீங்க வெளிய வந்தப்ப எங்கக்கா தங்குனீங்க?”

ஹாலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். “சோறு ஆச்சா இல்லியா? யாருகிட்ட அங்க பேச்சு?”

இந்துஜாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். 

“நான் எங்கயும் போகல” என்றாள் இவள்.



“சரிக்கா.”

வைத்துவிட்டாள்.

திட்டியாவது இருக்கலாம்.

இவள் கைபேசியிலேயே தேடினாள். திருச்சி, பெண்கள், தங்கும் இடம். பத்து நிமிடத்தில் ஒரு இல்லத்தின் எண் கிடைத்தது. அடித்தாள். வயதான பெண்குரல்.

“குழந்தையோட வரலாம்மா. எந்நேரமும் வரலாம். இப்ப எங்க நிக்கிறாங்க?”

இந்துஜாவுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமியாருக்குச் சோறு போடுவதற்குள் நான்கு தடவை அடித்தாள்.

பத்து நிமிடம்.

நான்கு மாதம் எழுதியவளுக்கு, ஒரு தடவைகூட, அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கத் தோன்றியதில்லை.

அன்று சாயங்காலம் குழம்பில் உப்பு கூடியிருந்தது. அவள் புருஷன் தட்டைத் தள்ளினான். எழுந்தான்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அடுக்களைக்குள் போனாள்.

நான்காம் நாள் பதினேழாம் அத்தியாயத்தின் கீழே இந்துஜா வந்திருந்தாள்.

‘அருமை அக்கா. ஆனா தாரிணி பாவம். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடுங்க.’

பக்கத்தில் வழக்கம்போல ஒரு இதயம். முப்பத்தொரு பேருக்கு அது பிடித்திருந்தது.

இவள் தனிச்செய்தியில் இல்லத்தின் முகவரியை அனுப்பினாள். எண்ணை அனுப்பினாள். மன்னிச்சிடும்மா என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்து அனுப்பினாள்.

இந்துஜா படித்துவிட்டாள் என்று திரை காட்டியது.



மறுநாள் மாமியார் தொடரில் மூழ்கியிருந்த நேரத்தில் பன்னிரண்டாம் அத்தியாயத்தைத் திறந்தாள். பச்சை கேட்டை எடுத்தாள். இரண்டாவது தெருவை எடுத்தாள். வார்டன் சாவியை நீட்டும் இடம் அவளுக்கு ரொம்பப் பிடித்த இடம். அதையும் எடுத்தாள். அங்கே அந்த இல்லத்தின் பெயர், முகவரி, பத்து இலக்க எண்.

அரை மணி நேரத்தில் ஒரு கருத்து வந்தது.

‘கதைக்கு நடுவுல நிஜ போன் நம்பர் எதுக்கு சிஸ்? ஃபீலே போயிடுச்சு.’

அவள் அதற்குப் பதில் எழுதவில்லை. எண்ணை எடுக்கவும் இல்லை.

கைபேசியை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். உதடு அசையாமல் அந்த எண்ணைச் சொல்லிப் பார்த்தாள்.

ஏழாவது இலக்கத்தில் தடுமாறியது.

முதலிலிருந்து ஆரம்பித்தாள்.