நடுக்கோடு

"உன் தலைக்குள்ள என்னதான்டி இருக்கு?"

பெரிய மருமகள் போட்ட சத்தத்தில், ஹாலில் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் குளியலறை வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

வாளியில், வெட்டிய துணித் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீர் லேசாக நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் தம்பி மனைவி, கையெல்லாம் நுரையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

"புதுத் துணியாச்சேக்கா. கஞ்சி போகட்டும்னு அலசினேன்."

"அலசினியா? அந்தக் கோடு தண்ணி பட்டாப் போயிடும்டி! தைச்சதுக்கு அப்புறம்தான் நனைக்கணும்னு துணி ஓரத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான். படிக்கத் தெரியாதா உனக்கு?"

கோபம் நியாயமானதுதான். அது சாதாரணத் துணி இல்லை. எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, கை எங்கே சேரும் என்று எல்லாவற்றையும் அச்சடித்தே விற்கிற துணி. அளவெடுக்கத் தெரியாதவர்களும் கோட்டின்மேல் கத்திரியை ஓட்டினால் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கோடுகள். உள்கோடு ஒல்லி உடம்புக்கு, நடுக்கோடு நடுத்தர உடம்புக்கு, வெளிக்கோடு பெரிய உடம்புக்கு.

பெரியவள் அதைத் தேடிப் பிடித்து வாங்கியதற்குக் காரணம் உண்டு. வியாதி, மருந்து, நீண்ட விடுப்பு எல்லாம் முடிந்து மறுநாள் அவள் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும். பழைய உடுப்பு ஒன்றும் ஏறவில்லை.

"பீரோவுலயே கிடந்து சுருங்கிப்போச்சு" என்றாள். வீட்டில் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கடைக்குப் போனாள். போட்டுப் பார்க்கிற அறையிலிருந்து கண் சிவந்து வெளியே வந்தாள். "இப்பல்லாம் ரெடிமேட்ல எவனும் ஒழுங்கா அளவு வைக்கறதில்ல" என்றாள். அதற்கும் தலையாட்டினார்கள்.

கடைசியில்தான் இந்தத் துணி.

"நானே தைச்சுக்கறேன். என் பழைய அளவு, நடுக்கோடு. அது எனக்குச் சேர்ந்தா ஆபீஸ். சேரலைன்னா ராஜினாமா. இந்தக் கோலத்துல எல்லார் முன்னாடியும் போய் நிக்க என்னால ஆகாது."

சொன்னதைச் செய்கிறவள். அந்த வேலையை விட்டால் அவள் பழையபடி படுக்கையில்தான் விழுவாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

தரையில் குனிந்து வெட்ட இடுப்பு இடம் கொடுக்கவில்லை. "நடுக்கோட்டுல வெட்டி வை. மருந்து சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து வரேன்" என்று சின்னவளிடம் கொடுத்திருந்தாள். வெட்டியதுவரை சரி. வெட்டிய கையோடு வாளியில் போட்டுவிட்டாள் மகராசி.

"மிச்சம் விழுந்த துணியாவது எங்க? அதை வெச்சாவது ஏதாவது கண்டுபிடிக்கலாம்."

"அதையும் சேர்த்து ஊறப் போட்டுட்டேன்க்கா."

அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஏம்மா, எங்களையும் பிடிச்சு அந்த வாளில போட்டிருக்கலாமே!"

சின்னவளுக்கு இதெல்லாம் புதிதல்ல. பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போன் பேசப் போகிறவள். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறவள். தம்பிக்குத்தான் மானம் போயிற்று.

"விடுங்க அண்ணி. வேற துணி வாங்கித் தரேன்."

"எங்க போய் வாங்குவே? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அந்தக் கடை பூட்டியிருக்கும். விடிஞ்சா நான் கிளம்பணும்."

வேறு வழியில்லை. ஃபேனுக்கு அடியில் துணியைக் காயப் போட்டார்கள். காய்ந்ததும் இருவரும் மெஷின் முன் உட்கார்ந்தார்கள். எது முன்பக்கம், எது முதுகு, எந்தக் கை எந்தப் பக்கம் என்று ஒன்றும் புரியவில்லை. சின்னவள் தேய்ந்த சோப்புத் துண்டால் கோடு போட்டுப் போட்டுக் கொடுக்க, பெரியவள் தைத்தாள். தைத்தாள் என்பதைவிட, திட்டினாள், நடுநடுவே தைத்தாள் என்பதே சரி. ஒரு கை தலைகீழாகச் சேர்ந்துவிட, அதைப் பிரித்து மறுபடியும் தைத்தார்கள். அதற்கும் திட்டு சின்னவளுக்குத்தான். அவள் சோப்பை எடுத்து அடுத்த கோட்டைப் போட்டாள்.

சாயங்காலம் பெரியவள் அதைப் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள்.

தோள் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. கை இறுக்கவில்லை. பொத்தான் இழுத்துக்கொண்டு நிற்கவில்லை. கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணாடி முன் நின்றே வெகுநாளாகியிருந்தது.

"பாத்தீங்களா? நடுக்கோடு! நான்தான் சொன்னேனே, எனக்கு உடம்பெல்லாம் ஒண்ணும் ஏறல." சொல்லும்போதே குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு சின்னவள் பக்கம் கையை நீட்டினாள். "ஆனா இவளை மட்டும் இனிமே துணிப் பக்கமே விடாதீங்க. ஒரே நாள்ல என் பிராணனை வாங்கிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலை பெரியவள் புது உடுப்போடு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்ற தம்பி, உள்ளே வந்து மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏதோ அண்ணியோட அதிர்ஷ்டம், சரியா வந்துடுச்சு. இல்லேன்னா அவங்க வேலையே போயிருக்கும். துணி ஓரத்துல போட்டிருந்ததை ஒரு தடவை படிச்சிருக்கக் கூடாதா நீ?"

"படிச்சேங்க. படிச்சதாலதான் நனைச்சேன்."

"என்ன உளர்றே?"

சின்னவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வெளிக்கோட்டுல வெட்டினா, நடுக்கோடு துணி மேலயே நிக்குமே. அக்கா பாத்துட மாட்டாங்களா?"