அறுந்த சிவப்பு நூல்

கையில் அறுந்த சிவப்பு நூலோடு தங்கை வீட்டுக்குள் பாய்ந்தான் யோங்ஷான்.

"எங்கேடி உன் புருஷன்? காட்டுல நான் நூல் கட்டி வெச்ச ஜின்செங் வேரை எவன் தோண்டினது?"

கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த ருய்லான் திரும்பவில்லை. "அவர்தான். நான்தான் தோண்டச் சொன்னேன்."

"வெக்கமா இல்ல? 'இது என்னுது'ன்னு அடுத்தவன் நூல் கட்டின வேரை இந்தச் சாங்பாய் மலையில திருடன்கூடத் தொடமாட்டான். நல்லா முத்தட்டும்னு வருஷக்கணக்கா விட்டு வெச்சிருந்தேன். யாருக்கு வித்தீங்க?"

"விக்கல."

"அப்போ சூப்பு வெச்சுக் குடிச்சீங்களா? உங்க மூஞ்சிக்குக் காட்டு ஜின்செங் கேக்குதா?"

ருய்லான் கரண்டியை விட்டெறிந்தாள்.

"நாலு நாளா போன் பண்றேன். ஒரு தடவையாவது எடுத்தியா? நேத்து உன் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு, 'உன் தங்கச்சி புருஷன் உன் வேரைத் தோண்டிட்டான்'னு சொல்லச் சொன்னேன். விடிஞ்சதும் ஓடி வந்துட்டே!"

"உளறாதே. வேர் எங்கே?"

அவள் உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். படுக்கையில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடுகளுக்கு நடுவே மெல்லிய வேர்த்துண்டு ஒன்று தெரிந்தது.

"பெரியவன் வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நேத்திலேர்ந்து பேச்சும் இல்ல. நீ வர்ற வரைக்கும் உசிரு நிக்கணுமேன்னுதான் அதை வாயில வெச்சுக்கிட்டே இருக்கோம். இதுதான் கடைசித் துண்டு."

யோங்ஷான் நூலைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"இன்னும் ஏன் நிக்கிறே? நூலைக் கட்டிட்டுப் போனா வேர் காத்திருக்கும். அப்பா காத்திருப்பாரா? போ, முகத்தைக் காட்டு!"