கலப்பு நேரம்

வாருங்கள், வாசகப் பெருமக்களே! பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் கூடத்தில் அரங்கேறும் அநீதியை வந்து பாருங்கள். புன்னக்காயல் மீனவர் மகள் ஸ்டெஃபி மேடையில் நிற்கிறாள்; அவளது ஆய்வேட்டை ஏற்பதா, குப்பையில் எறிவதா என்று தீர்ப்பளிக்க ஓர் அவை கூடியிருக்கிறது.

“அசுத்தம்! இந்தப் பிள்ளை கை பட்டு எல்லாம் நாசமாப் போச்சு வே!” என்று மேசையை அறைந்தார் வேதியியல் துறைத் தலைவர் திருஞானசம்பந்தம்.

ஊர் அழுக்கையெல்லாம் சுமந்துவரும் தாமிரபரணியில் தினமும் மூழ்கித் தூய்மையடைபவர் அவர். தனித் தம்ளர், தனி நாற்காலி, அதன்மேல் தனித் துண்டு. தம் பொருள் எதையும் மாணவர் தொட அவரது ஆசாரம் இடம் தராது. முன்னொரு நாள் இரண்டு சேர்மங்களைக் கண்டறிந்து, ‘சம்பந்தம் ஒன்று’, ‘சம்பந்தம் இரண்டு’ என்று தம் பெயரையே சூட்டிவிட்டார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே அவரது புகழின் அடித்தளம்.

அந்த அடித்தளத்தில்தான் ஸ்டெஃபி கை வைத்துவிட்டாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் கிருபைராஜ், திரையில் மின்னிய சதுரப் படத்தைக் காட்டினார். “இது என்னம்மா?”

“காந்தக் கருவி எடுத்த படம் சார். எந்த அணு எங்கன இருக்குன்னு மொதல்ல பாக்கும். கொஞ்சம் விட்டு மறுபடி பாக்கும். அந்த இடைவெளிக்குப் பேரு கலப்பு நேரம். இருந்த எடத்துலயே இருந்தது மூலைவிட்டத்துல புள்ளியா விழும். எடம் மாறுனது வெளிய, குறுக்குப் புள்ளியா விழும். இந்தா பாருங்க, ஒண்ணு ரெண்டா மாறுது, ரெண்டு ஒண்ணா மாறுது. ரெண்டும் ஒரே பொருள்தான் சார்.”

“கலப்பாம், குறுக்காம்!” என்று சீறினார் துறைத் தலைவர். “இதென்ன வலையில விழுந்த மீனா, புரட்டிப் புரட்டிப் பாக்கதுக்கு? கருவிக்குள்ள வச்ச மாதிரிக் குழாயை நெறச்ச கை சுத்தமில்ல. அந்தக் கை அழுக்குதான் ஒண்ண ரெண்டா மாத்திருக்கு!”

“அழுக்கு இருந்தா அதுக்குன்னு தனிப்புள்ளி வருமே அண்ணாச்சி? ஒண்ணையும் காணலியே” என்றார் கிருபைராஜ்.

“எனக்கே பாடம் எடுக்கீரோ? குழாயை நெறச்சது எவரா இருந்தாலும் சரி, சோதனைச்சாலையில நிக்க லாயக்கில்ல. இப்பவே இந்த வாசல் வழியா வெளிய போவணும்!”

முன்வரிசைப் பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டியே பதவி உயர்ந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஸ்டெஃபி திரையில் மின்னிய புள்ளிகளைப் பார்த்தாள். இரவு பகலாய்ப் பட்ட பாடெல்லாம் ஒருவர் வாய்ச்சொல்லில் கரைந்துபோகப் போகிறது. வாய் திறந்தால் பட்டம் போய்விடும் என்று தோழிகள் எச்சரித்தது நினைவுக்கு வந்தது. திறக்காவிட்டால் மானமும் சேர்ந்து போகும் என்று இப்போது புரிந்தது.

கிருபைராஜ் ஒலிபெருக்கியை அவள் பக்கம் நகர்த்தினார். “தீர்ப்பை நானும் ஒத்துக்கிடுதேன். குழாயை நெறச்சது யாரும்மா? பயப்படாம சொல்லு.”

அவள் கூடத்தை நோக்கித் திரும்பினாள்.

“எங்க கை படப்பிடாதுன்னு, குளிச்சு நீறு பூசி வந்து, நெறச்சு மூடித் தந்தது இந்த எச்.ஓ.டி. சார்தான். பாத்துக்கிட்டே இருக்கியளே, அவுகளுக்குக் கதவத் தொறந்து விடுங்க!”