ஜன்னல் ஓட்டைக்கு ஒரு படம்

மாலை வகுப்பு தொடங்குமுன், உடைந்த ஜன்னல் முன்னால் தங்கையன் ஒரு கையில் பசைக் கிண்ணமும் மறு கையில் ஒரு படமுமாக நிற்கிறான். தன் நாட்டுக்கே கப்பலேறிவிட்ட பிரெஞ்சு வாத்தியார் விட்டுப்போன படம். கடற்காற்று மேசை விளக்கின் சுடரைச் சாய்க்கிறது. "காலண்டர் படம்தானே பாய், ஒட்டிடுறேன்." "கொஞ்சம் பொறு" என்று, அங்கே பிரெஞ்சு படிக்கும் ஜெய்னுலாபுதீன் அதை வாங்கி விளக்கடியில் விரிக்கிறான். தன் கண்ணையே நம்பாமல் எதையும் இரண்டு தடவை பார்க்கிறவன் அவன். கறுப்புக் கோடுகளில் ஒரு பிரெஞ்சு மீன்காரி. தாளைத் திருப்பித் தடவினால், செதுக்கிய மரக்கட்டை அழுத்திய தடம் விரலில் நெருடுகிறது. மறுபடி திருப்புகிறான். அவள் தலைத்துணியின் சிவப்பு நிறம் கோடுகளைத் தாண்டி வழிந்திருக்கிறது. அச்சுப் பிழையோ என்று ஒரு சந்தேகம். இன்னும் குனிகிறான். அந்தச் சிவப்புக்குள், கண்ணிமை முடி போல, தூரிகையின் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. "தங்கையா, கோடுதான் அச்சு. வர்ணம் கையால தீட்டுனது. பாரு, தீட்டுனவரோட பிரஷ் மயிரு." "ஒத்த மயிருக்கா இந்தப் பாடு? அப்ப காத்துக்கு என்ன பண்றது?" ஜெய்னுலாபுதீன் தன் பையைத் திறந்து, நேற்று முழு மதிப்பெண் வாங்கிய பிரெஞ்சுக் கட்டுரைத் தாளை எடுக்கிறான். எழுத்துள்ள பக்கத்திலேயே பசையைத் தடவுகிறான். மை கரைகிறது. ஓட்டை அடைபட்டதும் சுடர் நிமிர்ந்து நிற்கிறது.