பாஷா பாய் முகத்தில் கிரெயின்

"இந்த நெகட்டிவைக் கிறுக்கி வெச்சிருக்கானே, அவன் கையை உடைக்கணும் பாய்!" என்றேன்.

மெஹபூப் பாஷா பதறிப்போனார். அபிராமபுரத்தில் இருபது வருஷமாக எனக்குச் சட்டை தைப்பவர்.

"இன்னா பஞ்சாட்சரம் சார், ரொம்பக் கெட்டுப்போச்சா?"

"முகத்துல பாருங்க. அங்க மட்டும் ஒரே அழுக்கு."

"எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்க சார். கல்யாணத்துக்கு முந்தி என்னை எடுத்த போட்டோ. பிரிண்ட் வெள்ளத்துல போய்ட்ச்சு, இது ஒண்ணுதான் மிச்சம். வர்ற வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருஷம். பையன் காஷிஃப் பெரிசா ஃபிரேம் போட்டு மாட்டணுங்கறான்."

"என்கிட்ட வந்துட்டீங்க இல்ல? கவலையை விடுங்க."

இப்படிச் சொல்ல எனக்கிருந்த தகுதிகள்: நூலகர் வேலையிலிருந்து ஓய்வு, ஒரு ஸ்கேனர், அதைப் பற்றி இணையத்தில் படித்த பதினொரு கட்டுரைகள்.

முதலில் அழுக்கு. ஃபிலிம் துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றி எடுத்தேன். பஞ்சு கறுத்தது. பெருமையாக இருந்தது.

பிறகு ஸ்கேன். ஒரே நெகட்டிவைப் பதினாறு தடவை.

"எதுக்கு அது விடாம கர்ர் கர்ர்னு கத்துது?" சமையலறையிலிருந்து என் மனைவி ஜானகி.

"படத்துல இரைச்சலைக் குறைக்க."

"கத்தியா?"

விளக்கினேன். யாரும் கேட்காத விளக்கத்தைத் தருவதில் எனக்கு நாற்பது வருஷ அனுபவம்.

"ஸ்கேனர் தன் பங்குக்குக் கொஞ்சம் புள்ளியைச் சேர்க்கும். அது ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல விழும். பதினாறையும் சேர்த்து சராசரி எடுத்தா மறைஞ்சிடும். இடம் மாறாம நிக்கிற புள்ளின்னா அது ஃபிலிமோட சொந்தச் சொத்து. அதுக்குப் பேர் கிரெயின்."

சராசரி எடுத்தேன். பின்னால் தொங்கிய திரை பட்டு மாதிரி வந்தது. பாய் முகத்தில் மட்டும் ரவையைக் கொட்டினாற்போல் புள்ளிகள். பதினாறு தடவையும் அதே இடத்தில்.

"பயங்கர கிரெயின். மட்டமான ஃபிலிம்" என்றேன்.

ஜானகி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"கிரெயினா? அது அம்மைத் தழும்புங்க. தாடிக்கு மேல இப்பவும் தெரியுமே. இருபது வருஷமா சட்டை தைக்கிறார், ஒரு தடவைகூட நீங்க அவர் முகத்தைப் பார்த்ததில்லையா?"

இல்லை. காலரைத்தான் பார்ப்பேன்.

அப்படியென்றால் நான் துடைத்த அழுக்கு? பன்னிரண்டாவது கட்டுரையைத் தேடிப் படித்தேன். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தழும்பை மறைப்பார்களாம். அதைத் துடைக்கவே கூடாதாம்.

பாய்க்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

"அழிச்சிட்டீங்களா! சார், அந்தப் போட்டோவ அனுப்பித்தான் பொண்ணே கேட்டாங்க. ஸ்டுடியோல எவனோ நல்லவன் மூஞ்சிய ஷோக்கா பண்ணிக் குடுத்தான். 'போட்டோவக் காட்டி ஏமாத்திட்டியே'ன்னு என் சம்சாரம் வஜீஹா இன்னிக்கும் சொல்லிக்கினு கீறா. நான் அழகா இருந்ததுக்கு அது ஒண்ணுதான் சார் சாட்சி. சொந்தக்காரங்க அத்தினி பேரும் வர்ற நேரத்துல வெறும் தழும்பையா மாட்டறது?"

கம்ப்யூட்டரில் முகத்தை வழவழப்பாக்கும் ஸ்லைடர் ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்துபவர்களைப் பற்றி நான் பல கல்யாண வீடுகளில் பேசியிருக்கிறேன், மிகக் கேவலமாக. அதைக் கடைசிவரை இழுத்தேன்.

வியாழக்கிழமை பாயும் வஜீஹாவும் வந்தார்கள்.

"அன்னிக்கு இருந்த மாதிரியே கீது சார்!" பாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

வஜீஹா படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், புரியவில்லை போலும் என்று, இரைச்சல் வேறு கிரெயின் வேறு என்பதைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் முதலிலிருந்து விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

பாய் ஆட்டோ பிடிக்கக் கீழே இறங்கினார்.

வஜீஹா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"முகத்தை மெழுகிட்டீங்களே சார். இடது கண்ணுக்குக் கீழ ரெண்டு தழும்பை நான் விட்டு வெச்சிருந்தேன். எல்லாத்தையும் எடுத்துட்டா மனுஷன் பொம்மையாயிடுவான்."

"நீங்களா?"

"கோடம்பாக்கத்துல ஒரு ஸ்டுடியோல எனக்கு அஞ்சு வருஷம் இந்த பென்சில் வேலைதான். இந்த நெகட்டிவ் என் மேஜைக்கு வந்துச்சு. ரெண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தழும்பா மூடினேன். அடுத்த மாசம் அதே போட்டோவை எங்க வீட்ல நீட்டி, மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கான்னு கேக்கறாங்க."

"பாய்க்கு இது தெரியாதா?"

"பாவம், ஏமாத்திட்டோமேன்னு நாப்பத்தஞ்சு வருஷமா காலைல டீ போட்டுக் குடுக்கறார். நான் எதுக்குச் சொல்லணும்?"

படத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

"அந்த ரெண்டு தழும்பை மட்டும் திருப்பிக் கொண்டாந்து குடுங்க சார். முடியும் இல்ல?"

"முடியும்மா. மெழுகறதுக்கு முந்தி எடுத்த பதினாறு ஸ்கேனும் அப்படியே இருக்கு."

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. வாசல்வரை போன வஜீஹா, திரும்பி வந்து வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"கிறுக்கினவன் கையை உடைக்கணும்னு சொன்னீங்களாமே. இந்தாங்க சார், உடைங்க."