ஜெசிந்தா.லேப்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகளுக்கு அங்கே வேலை செய்பவர்களின் பெயரையே வைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ‘.லேப்’ என்று ஒரு வாலை ஒட்டிவிட்டிருந்தார் தணிகைவேல். ஒருவரின் ரிப்போர்ட் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்த அன்று, அனுப்பிய கணினி ‘ஜெசிந்தா.லேப்’ என்றுதான் பதிவாகியிருந்தது. ஜெசிந்தாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அதை அனுப்பிய தணிகைவேல் வாயே திறக்கவில்லை.

“சார், இதுல இன்னும் அவங்க பேருதான் வருது. மாத்திக் குடுங்களேன்” என்றாள் ஜெசிந்தாவின் இடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்.

அவர் அதை அழித்தார். விரல்கள் தாமாகவே ‘தணிகைவேல்’ என்று தட்டின. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறது என்று திரை மறுத்துவிட்டது.

“அதுக்கென்ன சார், என் பேரைப் போட்டுடுங்க” என்றாள் அவள்.